சும்மா வந்த குழந்தைகள்

கண்ணாடித் தகட்டில் ஒரு காலம் – 9

1908 டிசம்பர் 3. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நியூபெரி என்றொரு சிறு நகரம். அங்கிருந்த மொல்லஹான் நூற்பாலைக்குள் ஒரு சிறுமி தன் சைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேலையில் ஊறிப்போன ஆளைப் போல. கோவைப் பக்கம் மில் வேலை பார்த்தவர்களுக்கு ‘சைடு’ என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: நூற்கும் இயந்திரத்தின் இரு புறமும் கதிர்கள் வரிசையாகச் சுழலும், ஒரு புறம் ஒரு சைடு. அந்த வரிசையின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நூல் அறுந்த இடத்திலெல்லாம் பிடித்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாள் முழுக்க அதுதான் வேலை.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அவளைப் படமெடுத்தார். எடுத்து முடித்ததும் மேஸ்திரி பக்கத்தில் வந்து, “இந்தப் பிள்ளை சும்மா வந்திருக்கு” என்றார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். வந்தவர் இரண்டு தடவையையும் குறித்துக்கொண்டார். இந்த ஆலைகளில் எங்கே பார்த்தாலும் சும்மா வந்த பிள்ளைகளும் அக்காவுக்கு ஒத்தாசையாக வந்த பிள்ளைகளுமாகவே இருக்கிறார்கள் என்று கீழே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

அவர் லூயிஸ் ஹைன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைக் காட்டும் படங்கள் என்று இன்று நாம் பார்க்கும் எந்தத் தொகுப்பிலும் இவருடைய படம் ஒன்றாவது இருக்கும். வெறுங்காலோடு இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கும் சிறுவர்கள், கரி அப்பிய முகங்கள், தொப்பியைச் சாய்த்துப் போட்டுப் புகைபிடிக்கும் பொடியன்கள். பெரும்பாலும் படத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுக் கூடவே இருந்த குறிப்பை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. ஹைன் எடுத்தது பாதி, எழுதியது பாதி. எழுதியதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பழைய காலத்து அழகு மட்டுமே. அந்த அழகைக் காட்டுவதற்காக அவர் அலையவில்லை.

சென்ற பகுதியில் ஜேக்கப் ரீஸைப் பார்த்தோம். நியூயார்க் சேரிகளுக்குள் நள்ளிரவில் ஆட்களோடு நுழைந்து, மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, தூக்கம் கலைந்து திகைத்த முகங்களைத் தகட்டில் பிடித்தவர். பிடிபட்டவர்களின் பெயர் அவருக்கு அநேகமாகத் தேவைப்படவில்லை. ஹைனும் அதே பொடியைத்தான் கொளுத்தினார். ஆனால் கொளுத்துவதற்கு முன் நின்று பேசினார். உன் பெயர் என்ன, எத்தனை வயது, எத்தனை மாதமாக வேலை, நாளைக்கு எவ்வளவு கூலி, ராத்திரியும் உண்டா?

இப்படிக் கேட்கத் தெரிந்ததற்கு அவருடைய சொந்த வாழ்க்கையும் ஒரு காரணம். 1874இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்த வேளையில் தந்தை விபத்தில் இறந்துபோக, மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். நாளைக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், கூலி 4 டாலர். பிறகு கிடைத்த வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே படித்து, நியூயார்க்கில் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியரானார். பள்ளித் தலைவர் ஃபிராங்க் மேனிதான் அவர் கையில் கேமராவைக் கொடுத்தவர். அப்போது ஹைனுக்கு முப்பது வயதை ஒட்டியிருக்கும். 1904 முதல் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கும் குடியேறிகளைப் படமெடுத்துப் பழகினார். பள்ளியில் அவரிடம் கேமரா கற்ற மாணவர்களில் ஒருவர் பால் ஸ்ட்ராண்ட். நவீனப் புகைப்படக் கலையின் வரலாற்றில் அவருக்குத் தனி அத்தியாயமே உண்டு, இந்தத் தொடரிலும் வருவார்.

1908இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் முழுநேரமாகச் சேர்ந்தார் ஹைன். 1904இல் தொடங்கப்பட்ட அந்தக் குழுவின் கையில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 15 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் ஏறத்தாழ 17.5 லட்சம் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. எண் இருந்தும் யாரும் அசையவில்லை. முகம் வேண்டியிருந்தது.

முகம் மட்டும் போதாது என்பது ஹைனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தென் மாநிலங்கள் பலவற்றில் அப்போது பிறப்புப் பதிவு என்பதே ஒழுங்காகக் கிடையாது. பிள்ளைக்கு என்ன வயது என்று அப்பா சொல்கிறாரோ அதுதான் வயது. 12 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் 9 வயதுப் பிள்ளைக்கும் 12தான். படத்தைக் காட்டினால் முதலாளி, ‘வயதானவள்தான், ஆள் குள்ளம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆகவே ஹைன் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கின்றன என்று மனப்பாடம் செய்துகொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிள்ளையின் அருகில் போய் நிற்பார். தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்வார். கோட்டுப் பைக்குள்ளேயே ஒரு சிறு நோட்டும் பென்சிலும். வெளியே எடுக்காமல், பார்க்காமல் கிறுக்கிக்கொள்வார். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் வீட்டுக்கே போய்க் குடும்பப் பைபிளில் எழுதிவைத்த பிறந்த தேதியையும் காப்பீட்டுத் தாளையும் பார்த்தார். தன் தரவுகளில் ஒரு பொட்டு ஒட்டுவேலையும் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒரு படம் பொய்யென்று நிரூபணமானால் மிச்சம் அத்தனையும் பொய்யாகிவிடும்.

உள்ளே போவதே பெரும்பாடு. பைபிள் விற்பவர், தபால் அட்டை விற்பவர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்த தொழிற்துறைப் புகைப்படக்காரர் என்று பல வேடம் போட்டார். இயந்திரத்தைப் படமெடுக்கிறேன் என்று சொல்லி, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்கச் சொல்வதும் உண்டு. மேஸ்திரிக்கு அது இயந்திரப் படம். உள்ளே விடாத இடங்களில் வாசலில் காத்திருந்து, விடியற்காலையிலோ மதியச் சாப்பாட்டு நேரத்திலோ பிள்ளைகள் வரும்போது நிறுத்தி எடுத்தார். 5க்கு 7 அங்குலக் கண்ணாடித் தகடுகள், முக்காலி, மக்னீசியப் பொடி என்று சுமை வேறு. பஞ்சுத் தூசி மிதக்கும் கூடத்தில் நெருப்புப் பொடி கொளுத்துகிற மனிதரை ஆலைக்காரர்கள் எப்படி விரும்பியிருப்பார்கள்?

அந்த டிசம்பர் மாதமே வட கரோலினாவின் விட்னல் ஆலையில் எடுத்த படத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலை உடையில் ஒரு சிறுமி, பக்கத்தில் அவளைவிட உயரமான நூற்கும் இயந்திரம். படம் சொல்வது இவ்வளவே. குறிப்பு சொல்வது: உயரம் 51 அங்குலம், அதாவது நாலேகால் அடி. ஆலையில் ஓராண்டாக வேலை. சில நாள் இரவிலும் உண்டு. 4 சைடு பார்க்கிறாள். நாள் கூலி 48 சென்ட். வயது என்ன என்று கேட்டதற்குத் தயங்கினாள், ஞாபகமில்லை என்றாள். பிறகு ரகசியம் சொல்வதுபோல, வேலை செய்கிற வயது தனக்கு ஆகவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றாள். அந்த ஆலையின் 50 வேலையாட்களில் அவள் உயரத்துக்குப் 10 பிள்ளைகள் இருந்தார்கள்.

பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. ஆனாலும் அவளை நமக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்தபடி ஞாபகமில்லை என்கிறாள். அடுத்த நொடியில் இந்த மனுஷனிடம் சொல்லலாம் என்று தோன்றிவிடுகிறது. அந்த ஒரு நொடிக்குள் நடந்ததை எந்தக் கேமராவாலும் பிடித்திருக்க முடியாது. ஹைன் அதை எழுதிப் பிடித்தார்.

ஒரு மாதம் கழித்து ஜார்ஜியாவின் மேக்கனில், பிப் ஆலையில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டுக் காலி பாபின்களை மாட்டும் டாஃபர் வேலை. இரண்டு சிறுவர்கள், எட்டாத காரணத்தால் ஓடும் இயந்திரத்தின் சட்டத்திலேயே ஏறி நிற்கிறார்கள். இந்தப் படத்துக்கு மட்டும் குறிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

செயின்ட் லூயிஸ் நகரப் படமோ நேர் எதிர். தெருமுனையில் செய்தித்தாள் விற்கும் மூன்று பொடியன்கள் பெரிய மனிதத் தோரணையில் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்தால் சிரிப்புத்தான் வரும். குறிப்பு இப்படித் தொடங்குகிறது: 1910 மே 9, திங்கட்கிழமை, காலை 11 மணி. திங்கட்கிழமை 11 மணிக்கு அவர்கள் எங்கே இருந்திருக்க வேண்டும்? ஹைன் அதைக் கேட்கவில்லை. நேரத்தை எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்.

1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் தெற்குப் பிட்ஸ்டனில் நிலக்கரி உடைக்கும் கூடத்துக்குப் போனார். சரிவான மரத் தொட்டிகளில் கரி உருண்டு வரும். அதன் மேல் குறுக்காகப் போட்ட பலகைகளில் வரிசையாக உட்கார்ந்த சிறுவர்கள், கால்களுக்கிடையே ஓடும் கரியில் கிடக்கும் கல்லை வெறும் விரலால் பொறுக்கி எறிய வேண்டும். சில வேளை எதிரில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தூசி அடர்ந்திருந்தது என்று எழுதுகிறார்; அது பிள்ளைகளின் நுரையீரலில் கடைசி மூலைவரை போய்ப் படிகிறது என்கிறார். கையில் கோலோடு மேற்பார்க்கும் ஒருவர் பின்னால் நின்று குத்தியும் உதைத்தும் வேலை வாங்குவதையும் குறிக்கிறார். அதே ஆண்டு கடற்கரை ஊர்களுக்கும் போனார். சிப்பி உரிக்கும் கொட்டகைகளில் ஆறேழு வயதுக் குழந்தைகள் விடியலுக்கு முன்பே நின்றார்கள். மெய்ன் மாநிலத்து ஈஸ்ட்போர்ட்டில் மத்தி மீன் வெட்டும் பிள்ளைகளின் விரல்களில் கத்திக் காயம்.

எடுத்த படங்களைக் குழு சும்மா வைத்திருக்கவில்லை. துண்டறிக்கை, சுவரொட்டி, கண்காட்சி, விளக்கொளியில் திரையில் காட்டும் வில்லைகள் என்று எல்லா வழியிலும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஒரு சுவரொட்டி ஆலையின் உற்பத்திக் கணக்குப் போலவே இருக்கும். மேலே நல்ல கச்சாப் பொருள், அதாவது நலமான பிள்ளைகள், நடுவே ஆலை, கீழே வெளிவரும் சரக்கு, தேய்ந்துபோன பிள்ளைகள். மனிதர்களைக் குப்பையாக்குகிறார்கள் என்பது தலைப்பு. 1912இல் மத்திய அரசில் குழந்தைகளுக்கென்று தனிச் செயலகம் ஏற்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாக இருக்காது. ஹைனின் தென் மாநில ஆலைப் படங்களில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளைக் குழந்தைகள். ஆலைக்குள் இயந்திர வேலை வெள்ளையர்களுக்கே என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஆலைகளுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்த வயல்களில் கறுப்பினப் பிள்ளைகள் வெயிலில் குனிந்துகொண்டிருந்தார்கள். இயக்கத்தின் கோபம் அந்த வயல்களை அவ்வளவாக எட்டவில்லை. வெள்ளை இனமே சிதைந்துபோகும் என்று பயமுறுத்தியே குழுவின் தென்மாநிலப் பிரசாரம் ஆதரவு தேடியது. ஹைன் வயல்களுக்கும் போனார், பஞ்செடுக்கும் குழந்தைகளையும் எடுத்தார். ஆனால் சட்டம் வந்தபோது விவசாய வேலை அதில் இல்லை. யாருடைய குழந்தைக்காக ஊர் கலங்குகிறது என்பதற்கும் இந்தப் படங்கள் சாட்சி.

அதே 1908இல் நம் பக்கம் என்ன நிலை? 1891ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டப்படி 9 வயது நிரம்பிய பிள்ளையை நாளைக்கு 7 மணி நேரம் வேலை வாங்கலாம். பம்பாயிலும் சென்னையிலும் அரை நேரத் தொழிலாளர் என்ற பெயரில் அவர்கள் ஆலைப் பதிவேட்டிலேயே இருந்தார்கள். ‘சும்மா வந்திருக்கு’ என்று மேஸ்திரி சமாளிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த ஆண்டு அறிக்கை தந்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் சென்னை டாக்டர் டி.எம். நாயர் உறுப்பினர். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாக வரையறுக்க வேண்டாம் என்று பெரும்பான்மையோர் சொல்ல, வரையறுத்தே ஆக வேண்டும் என்று தனியாக மறுப்புக் குறிப்பு எழுதியவர் அவர். பின்னாளில் நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கான குறைந்தபட்ச வயது இங்கே 12 ஆனது 1922இல்தான். நாயரின் குறிப்பு இருக்கிறது. அதற்கு முகம் கொடுக்க ஒரு ஹைன் இங்கே இருந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் 1916 செப்டம்பரில் கீட்டிங்–ஓவன் சட்டத்தில் அதிபர் வில்சன் கையெழுத்திட்டார். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைத்த ஆலையின் சரக்கு மாநில எல்லை தாண்டக் கூடாது. வென்றுவிட்டோம் என்று குழுவினர் நினைத்திருப்பார்கள். வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் டேகன்ஹார்ட் என்ற ஆலைத் தொழிலாளி வழக்குப் போட்டார்: என் இரண்டு மகன்களும் வேலை செய்து சம்பாதித்துத் தருவதை இந்தச் சட்டம் தடுக்கிறது. தொழிலாளி பெயரில் வழக்கு. செலவும் வக்கீல்களும் ஆலை முதலாளிகளுடையது. 1918 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாதென்றது. நடைமுறைக்கு வந்த பிறகு சட்டம் உயிரோடு இருந்தது 9 மாதம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் அந்த மகன்களில் ஒருவரைத் தேடிப்பிடித்தார். அப்போது அவருக்கு இருபது வயதுக்குப் பக்கம். ஆள் வளராமல் மெலிந்திருந்தார், படிப்பில்லை, ஆலையில்தான் வேலை. அரசியல் சட்டப்படி உங்களுக்குக் கிடைத்த உரிமையால் என்ன லாபம் என்று கேட்டார் பத்திரிகையாளர். வக்கீல்கள் காரில் கூட்டிப்போனார்கள், ஒரு கோக்கோ கோலா வாங்கித் தந்தார்கள் என்று பதில் வந்தது. அமெரிக்க நீதித்துறை வரலாற்றில் இதைவிடக் கடுமையான விமரிசனத்தை நான் படித்ததில்லை. கிண்டலாகக்கூட அவர் சொல்லவில்லை.

வரி விதித்துத் தடுக்கப் பார்த்த அடுத்த சட்டத்தை 1922இல் நீதிமன்றம் தள்ளியது. 1924இல் அரசியல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள். போதிய மாநிலங்கள் ஒப்பவில்லை. 1938இல் ரூஸ்வெல்ட் காலத்து நியாயமான தொழில் தரச் சட்டம்தான் நிலைத்தது. அதற்குள் பல ஊர்களில் புதிய இயந்திரங்களும், வேலை கிடைக்காமல் திண்டாடிய பெரியவர்களும், கட்டாயப் பள்ளிச் சட்டங்களும் பிள்ளைகளை ஆலையிலிருந்து பெருமளவு வெளியே தள்ளியிருந்தன. படங்களே குழந்தைத் தொழிலை ஒழித்தன என்று எழுதுவது வசதியான கதை. வரலாறு அவ்வளவு வசதியாக நடப்பதில்லை.

ஹைனின் கடைசிக் காலம் மோசமானது. 1930–31இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பும்போது வானத்தில் தொங்கும் இரும்பு வேலையாட்களோடு தானும் தொங்கி எடுத்த படங்கள் பெரும்பேர் வாங்கித் தந்தன. வேலை வாங்கித் தரவில்லை. கிராமப்புற வறுமையைப் பதிவு செய்ய அரசு ஒரு புகைப்படக் குழுவைத் திரட்டியபோது அவருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. கடனில் வீடு போயிற்று. 1940 நவம்பர் 3 அன்று 66 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, 1941 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் 1938ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றும் டேகன்ஹார்ட் தீர்ப்புத் தவறு என்றும் சொன்னது. அவர் விட்டுப்போன படங்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வேண்டாமென்றது. ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இல்லம் ஏற்றுக்கொண்டது. குழுவுக்காக எடுத்தவை தனி. 5,000க்கும் மேற்பட்ட அந்தப் படங்களைக் குறிப்புகளோடு சேர்த்து 1954இல் குழு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தது.

அந்தப் படங்களில் ஒன்று, 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்து வடக்குப் பௌனல் ஆலையில் எடுத்தது. ஒரு சிறுமி: வெறுங்கால், அழுக்கேறிய மேலங்கி, இயந்திரத்தின் மேல் சாய்ந்த கை, நேராகப் பார்க்கும் கண். ஆலைப் பெண்கள் அவளுக்கு 10 வயது என்கிறார்கள். அவளே தனக்கு 12 என்று ஒப்புக்கொண்டாள் என எழுதினார் ஹைன். பள்ளி விடுமுறையில் வந்தவள் இனி இங்கேயே இருந்துவிடப் போகிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். எது உண்மை வயது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துவிட்டுப் போனார். 1998இல் அந்தப் படம் அமெரிக்கத் தபால் தலையாக வந்தது. எலிசபெத் வின்த்ராப் என்ற எழுத்தாளர் அந்த முகத்தை வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டு, நிஜச் சிறுமி என்ன ஆனாள் என்று தேடப் புறப்பட்டார். குடும்பப் பெயர் தவறாகப் பதிவாகியிருந்ததால் முதலில் தடம் கிடைக்கவில்லை. 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில், அதே ஊரில், அதே முதற்பெயரில், 12 வயதில் கிடைத்தாள். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1993இல்தான் இறந்திருந்தாள். தன் படம் உலகம் சுற்றிய கதை அவளுக்குத் தெரியாது.

இந்தத் தேடலில் வின்த்ராப் துணைக்கு அழைத்த ஜோ மானிங் என்ற ஆய்வாளர் அதோடு நிற்கவில்லை. ஹைன் படங்களிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினார். பேரன் பேத்திகளைக் கண்டுபிடித்துப் படத்தை அனுப்பினார். சிறுவயதில் பாட்டி மில்லுக்குப் போனதே தெரியாத குடும்பங்கள் இருந்தன. பையிலிருந்த நோட்டில் பார்க்காமல் கிறுக்கிய பெயரும் ஊரும் தேதியும்தான் அத்தனை தேடலுக்கும் துப்பு.

(தொடரும்)